முளைக்காத மேடை

வேலணைத் தீவின் கரையோரக் குறிச்சியிலே கந்தப்பரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவருடைய வலது கை. காணி என்றால் ஒரு துண்டு, அதிலும் பாதி கல். படிப்பு என்றால் கையெழுத்து வைக்கிற அளவு. சபையிலே நாலு வார்த்தை பேச வராது. கோயில் திருவிழாவிலே அவருக்கென்று ஒரு நாளும் கிடையாது. ஆனால் அந்தக் கையால் எதைப் போட்டாலும் முளைக்கும் என்று ஊர் நம்பியது. ஊரைவிட அவர் இன்னும் கூடுதலாக நம்பினார்.

யார் வளவில் என்ன விதை போடுவதென்றாலும் முதல் பிடி கந்தப்பர் கைபட வேண்டும். பயற்றங்கொட்டை ஊன்றுவதற்குக்கூட வீடு தேடி வந்து கூட்டிப் போவார்கள். புரட்டாதியில் வயல் விதைப்பு வந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல நாள் பார்த்து, கும்பம் வைத்து, பனையோலைக் கடகத்தில் விதைநெல்லை அவருக்கு முன்னால் நீட்டுவார்கள். கந்தப்பர் கிழக்கே பார்த்து முதல் பிடியை எறிந்த பிறகுதான் மற்றவர்களின் கை கடகத்துக்குள் போகும். அந்த ஒரு பிடிக்காக மனிதர் வருசம் முழுக்கக் கையைப் பேணி வைத்திருந்தார். கோழி பிடிப்பது, சாம்பல் அள்ளுவது எல்லாம் இடது கைதான். அவருடைய மனைவி அன்னமுத்து ஒருநாள் வெங்காயம் உரித்துத் தரச் சொன்னபோது, இந்தக் கையாலோ என்று திகைத்துப் போனார்.

"அதைக் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுங்கோவன்," என்றாள் அன்னமுத்து. அவளுக்கு இந்தக் கைராசிக் கதையில் பெரிய பக்தி இல்லை. அந்தக் கையோடு ஒரே வீட்டில் இத்தனை வருசம் இருந்தவளுக்கு எப்படி இருக்கும்?

கப்பலில் காய்ந்த செத்தல் மிளகாய் வருவது நின்றுபோன காலம் அது. யாழ்ப்பாணம் முழுக்க மிளகாய்ப் பைத்தியம் பிடித்து, கடல்பாதை தாண்டித் தீவுக்குள்ளும் வந்திருந்தது. நேற்றுவரை சுருட்டோடு குந்தியிருந்தவன் எல்லாம் மண்வெட்டியோடு திரிந்தான். கந்தப்பர் எல்லாருக்கும் முந்தி, ஆவணியிலேயே, வீட்டுக்குப் பின்னால் நாற்றுமேடை போட்டார். குளித்துத் தோய்ந்து, திருநீறு பூசி, மிளகாய் விதையை மணலோடு கலந்து தூவி, மேலே தென்னோலைக் கிடுகு பரப்பி மூடினார். கன்று எடுப்பதென்றால் கந்தப்பரிடம்தான் எடுப்போம் என்று ஊரில் பாதிப்பேர் சொல்லி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தீவிலே எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைத்தால்தான் கடல் எவ்வளவு கிட்ட என்பது தெரியும். அந்தக் குறிச்சிக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அது பங்குக் கிணறு. ஒரு பங்கு கந்தப்பருக்கு, ஒரு பங்கு ஆழ்வாப்பிள்ளைக்கு, மிச்சம் கொழும்பிலே இருக்கிறவர்களுக்கு. கேட்பார் இல்லாமலே கந்தப்பர் அந்தக் கிணற்றுக்குச் சட்டம் போட்டு வைத்திருந்தார். குளிக்கிறவர் வாழைக்குப் பக்கத்தில் நின்று குளிக்க வேண்டும். சட்டி கழுவின தண்ணீர் முருங்கைக்கு. கால் கழுவுகிறவன்கூட ஒரு கத்தரிச்செடியைத் தேடிப் போய்க் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரை வெறும் நிலத்தில் ஊற்றுகிறவன் பெற்ற தாயின் பாலைக் கொட்டுகிறவன் என்று, கிணற்றடிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பிரசங்கம் வைப்பார்.

அந்தப் பிரசங்கத்தை ஊரிலே மனசாரக் கேட்ட ஒரே மனிதர் பஸ்ரியாம்பிள்ளை. மண்டைதீவிலிருந்து மனைவி மாக்கிறேற்றோடு வந்து பக்கத்து வளவில் குடியேறிய கடற்தொழிலாளி. அவருக்கு அங்கே கிணற்றுப் பங்கு கிடையாது. கந்தப்பர்தான் தன்னுடைய பங்கில் குடிக்க எடுக்கட்டும் என்று விட்டவர். அந்த நன்றிக்குப் பஸ்ரியாம்பிள்ளை கிழமையில் ஒருநாளாவது ஒரு கோர்வை மீனை வேலியில் தொங்கவிட்டுப் போவார். கந்தப்பர் விரத நாள் பார்ப்பார், அன்னமுத்து மீனைப் பார்ப்பாள்.

பஸ்ரியாம்பிள்ளை தன் தோணிக்கு எஞ்சின் வாங்கியபோதுதான் வில்லங்கம் வந்தது. கடல் உப்பு எஞ்சினைத் தின்றுவிடும். தொழிலால் வந்த கையோடு நல்ல தண்ணீர் நிரப்பின பீப்பாவுக்குள் அதை இறக்கி ஓடவிட்டு, உள்ளே உள்ள உப்பைக் கழுவ வேண்டும். இது கேள்விப்பட்டதும் ஆழ்வாப்பிள்ளை கிணற்றடிக்கு வந்து நின்றுவிட்டார். மனிசருக்கே தண்ணீரில்லாத ஊரில் இரும்புக்குக் குளிப்பாட்டோ என்று கேட்டார். கந்தப்பர், அது தன்னுடைய பங்குத் தண்ணீர், தான் குடித்தாலும் இரும்பைக் குளிப்பாட்டினாலும் தன் பாடு என்றார். ஆழ்வாப்பிள்ளை லேசில் விடவில்லை. இதாலே தோட்டத்துக்கோ தண்ணீருக்கோ ஒரு பழுது வந்ததென்று தன் காதில் விழுந்தால், அன்றைக்கே கிணற்றடிப் படலைக்குப் பூட்டுப் போடுவேன், பிறகு அந்த மனிதர் குடிக்கவும் தண்ணீர் எடுக்க ஏலாது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னதைச் செய்கிற ஆள்தான்.

கந்தப்பர் பஸ்ரியாம்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். எஞ்சின் ஓடின தண்ணீராக இருந்தாலும் அது நல்ல தண்ணீர். ஒரு சொட்டும் வெறும் நிலத்தில் போகக் கூடாது. பஸ்ரியாம்பிள்ளை தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் பைபிளில் கை வைத்த மாதிரி.

மேடை போட்டு ஒரு கிழமை போனது. முளை இல்லை. இன்னும் சில நாள் போனது. கிடுகைத் தூக்கிப் பார்த்தால் கந்தப்பர் தூவியபடியே மண் கிடந்தது. காலையில் கோயிலால் வந்து பார்க்கிற வேளையில் மண்ணுக்கு மேலே மட்டும் ஒரு மினுக்கம் தெரிந்தது. மயில் கழுத்து நிறம், நீலமும் பச்சையும். கந்தப்பருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மயில் என்றால் முருகன். முருகன் வந்து போன மேடை முளைக்காமல் எங்கே போகும்? இப்படியான அருளை வெளியே சொன்னால் பலிக்காது என்று பெண்சாதியிடம்கூட மூச்சுக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். மனிதருக்கு மணமாவது பிடித்திருக்கலாம். அவருடைய மூக்கு மூக்குப்பொடிக்கென்றே நேர்ந்துவிட்ட மூக்கு. வீடு பற்றி எரிந்தாலும் இவர் கண்ணால் கண்டால்தான் நம்புவார் என்று அன்னமுத்து எப்போதோ சொல்லிவிட்டாள். அவளுக்கும் மணந்ததுதான். ஆனால் எஞ்சின் வந்த நாள் முதல் அந்த ஒழுங்கை முழுக்க அதே மணம்.

கடைசியில் கந்தப்பர் மேடையைக் கிளறி ஒரு விதையை எடுத்து நகத்தால் கீறினார். ஊறவுமில்லை, உப்பவுமில்லை. போட்டது போட்டபடி இருந்தது.

விதை பழசு என்று தீர்மானித்தார். புது விதைக்கு வெளியே போனால் சங்கதி ஊருக்குத் தெரிந்துவிடும். குசினிக்குள் புகுந்து, அன்னமுத்து தூளுக்கென்று வைத்திருந்த செத்தலில் நல்லதாகப் பொறுக்கி, விதையை உதிர்த்து, மறுபடி நாள் பார்த்துத் தூவினார். அதுவும் முளைக்கவில்லை. சனிமாற்றம் என்றார். ஆழ்வாப்பிள்ளை வேலிக்கு மேலால் ஒருநாள் எட்டிப் பார்த்ததை நினைத்து, நாவூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். உப்பைச் சுற்றி மேடைக்குப் பக்கத்திலேயே போட்டார் என்றால் பாருங்கள்.

இதற்கிடையில் ஒரு அநியாயம் நடந்தது. அவர் செத்தல் உதிர்த்தபோது குசினிக்குள் சிந்தின விதையை அன்னமுத்து கூட்டி அள்ளி வீட்டுக்குப் பின்பக்கக் கோடிப்புறத்தில் எறிந்திருந்தாள். நாளுமில்லை, கோளுமில்லை, கிழக்கு மேற்கும் பார்க்கவில்லை. விளக்குமாற்றால் தட்டிவிட்டதுதான். அரிசி கழுவின தண்ணீர் அதற்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் மிளகாய்க் கன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ, என்ர விளக்குமாத்துக்கும் கைராசி வந்திட்டுது," என்று கூப்பிட்டாள்.

கந்தப்பர் வந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை செத்துவிட்டது என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. மிளகாய் போனால் போகட்டும். விதைப்பு வருகிறதே. செத்த கையால் ஊர் நெல்லைத் தொட்டு, அத்தனை குடும்பத்துச் சோற்றிலும் மண் விழுந்தால் என்ன செய்வது? இல்லை, மாட்டேன் என்று சொன்னால், பிறகு கந்தப்பர் என்று ஒருவர் எதற்கு? ஒழுங்கையால் போகிறவர்கள் கன்று எப்போது என்று கேட்டார்கள். அவர் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டு வேலிக்கு முதுகைக் காட்டினார். மனிதர் மெலிந்தும் போனார், பாவம்.

பிறகு ஒருநாள் அன்னமுத்துவிடம் வந்து, தொண்டையைச் செருமி, மூன்றாம் முறை விதையை அவளைத் தூவச் சொன்னார். கைராசி வீட்டுக்குள்ளேயே இடம் மாறியிருக்கலாம் என்பது அவருடைய கணிப்பு. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்னமுத்து வயிறு நோகச் சிரித்தாள். ஏன், உங்கட கைக்குக் காய்ச்சலோ என்று கேட்டாள். ஆனாலும் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தூவினாள். தூவும்போது முகம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அதுவும் முளைக்கவில்லை.

இதுவரை புருசன் கையை வைத்துச் சிரித்தவளுக்கு இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. தன் கை என்று வந்தால் அது வேறு கதை. கோடிப்புறத்தில் காடாக நிற்கிற அதே விதை, அதே கை, இங்கே மட்டும் ஏன் முளைக்கவில்லை? மேடையடியில் குந்தி, ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தாள். துப்பினாள். கறிக்கு உப்புப் போட்ட கணக்காகக் கரித்தது. கையில் பிசுபிசுவென்று எண்ணெய்ப் பசை ஒட்டியது. செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். மண் குடிக்கவில்லை. மேலே முத்து முத்தாக நின்றது.

மறுநாள் விடியற்காலை, கந்தப்பர் கோயிலுக்குப் போனதும், வாழைக்குப் பின்னால் போய் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பஸ்ரியாம்பிள்ளை ஒரு வாளியோடு வேலிப் பொட்டால் நுழைந்து வந்தார். நித்திரைப் பிள்ளையின் போர்வையை விலக்குகிற மாதிரிக் கிடுகை மெல்லத் தூக்கினார். கோப்பையால் அள்ளி அள்ளி, ஒரு மூலையும் விடாமல் ஊற்றினார். இன்னும் இரண்டு தரம் போய் வாளியை நிரப்பி வந்து ஊற்றி முடித்துவிட்டு மேடைக்குச் சிலுவை போட்டார். அன்னமுத்து எழுந்து வந்ததைக் கண்டதும், களவுக்கு வந்தவர் போலில்லாமல், கோயிலில் கண்டவர் போலச் சிரித்தார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு பீப்பாத் தண்ணீரை ஒருநாளில் கொட்டினால் வீண். அதனால் எஞ்சினையும், தெப்பமாக நனைந்த வலைக் கயிற்றையும், நங்கூரத்தையும் அதே பீப்பாவில் கழுவுவார். தினமும் இரண்டு வாளி எடுத்துக் கந்தப்பரின் மேடைக்கு ஊற்றிவிட்டு, இரண்டு வாளி புதுத் தண்ணீர் நிரப்புவார். பீப்பாத் தண்ணீர் வர வரத் தடித்துக்கொண்டு வந்தது. உரம்தானே என்று நினைத்தார்.

"அண்ணை சொன்னவர், நல்ல தண்ணி ஒரு சொட்டும் நிலத்திலை போகக் கூடாதெண்டு. எல்லாற்றை மரத்துக்கும் ஊத்துறதிலும் பாக்க அண்ணையின்ர மேடைக்கு ஊத்தினால் என்ர நன்றிக்கும் ஆச்செண்டு நினைச்சனான் அக்கா. முளைக்கேல்லை எண்டு கண்டாப் பிறகு இன்னும் ஒரு வாளி கூட்டி ஊத்துறன். மாக்கிறேற்றும் அந்தோனியாருக்கு நேத்தி வைச்சிருக்கிறா."

அன்னமுத்து வாளியை வாங்கி அவருடைய மூக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே ஒட்டியிருப்பது உப்பும் எஞ்சின் எண்ணெயும் என்று விளக்கினாள். பஸ்ரியாம்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. மேடைக்கு முன்னாலே நிலத்தில் இருந்துவிட்டார்.

கோயிலால் வந்த கந்தப்பருக்குச் சங்கதி தெரிந்தபோது, கோபம் வரும் என்றுதான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் வலது கையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை சாகவில்லை. மயில் கழுத்தின் மர்மமும் அவருக்கு விளங்கியது, அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உடனே சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு படலைக்கு வெளிக்கிட்டார். ஒழுங்கை முழுக்கச் சொல்லப் போகிறாராம், முளைக்காதது தண்ணீரின் பிழை, கையின் பிழை அல்ல என்று.

"ஆழ்வாப்பிள்ளையருக்குத்தான் முதல் சொல்லப் போறியளோ?" என்று அன்னமுத்து கேட்டாள்.

கந்தப்பர் படலையில் பிடித்த கையை எடுக்காமல் நின்றார். பஸ்ரியாம்பிள்ளை காலி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றடிக்குப் பூட்டு விழுந்தால் மாக்கிறேற் குடத்தோடு எங்கே போவாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கந்தப்பர் திரும்பி வந்து சால்வையைக் கொடியில் போட்டார். இனிமேல் அந்தப் பீப்பாத் தண்ணீரைக் கடற்கரைத் தாழைக்கும் அங்கால் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். நல்ல தண்ணீரைக் கொட்டு என்று அவர் வாயால் வந்தது ஊர் கேட்காத அதிசயம். மேடை மண்ணை அவரும் பஸ்ரியாம்பிள்ளையுமாக வெட்டி அள்ளி எறிந்தார்கள்.

விதைப்பு நாள் வந்தது. அதற்குள் கந்தப்பர் மேடை முளைக்காத கதை ஒழுங்கைக்கு ஒழுங்கை போய்விட்டது. வயற்கரையில் கும்பம் வைத்து, தேங்காய் உடைத்து, ஆழ்வாப்பிள்ளைதான் கடகத்தை எடுத்து நின்றார். எடுத்தவர் நீட்டவில்லை. கந்தப்பருடைய மேடையில் முளை கண்டதா என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். கேட்டதில் பகை இல்லை. அவருக்கும் அந்தக் கடகத்தில் நெல் இருந்தது.

வரம்பிலே ஓர் ஓரமாக நின்ற பஸ்ரியாம்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். வாயைத் திறந்தும் விட்டார். கந்தப்பர் அவரை முந்திக்கொண்டார்.

"ஓம் ஆழ்வாப்பிள்ளை, போட்டனான், முளைக்கேல்லை. மண்ணிலை பிழையில்லை, தண்ணியிலையும் பிழையில்லை. என்ர கைதான் விட்டுப்போட்டுது. மனுசி விளக்குமாத்தாலை தட்டிவிட்டது கோடிக்குள்ளை மதில் மாதிரி நிக்குது, போய்ப் பாருங்கோ. கடகத்தை அவவிட்டைக் குடுங்கோ."

சபையிலே நாலு வார்த்தை பேசத் தெரியாத மனிதர் அன்றைக்கு அத்தனையையும் ஒரு தடங்கல் இல்லாமல் பேசினார். பிறகு யாரோ விளக்குமாறு என்று திருப்பிச் சொல்ல, வயற்கரை முழுக்கச் சிரிப்பு. கைராசிக்காரரை விளக்குமாறு வென்றுவிட்டது என்று ஆழ்வாப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. கந்தப்பரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பஸ்ரியாம்பிள்ளை தொப்பியைப் பிசைந்துகொண்டு நிலத்தைப் பார்த்தார்.

விதைப்புப் பொங்கலுக்குப் பால் கொண்டுவந்த அன்னமுத்து செம்பைக் கீழே வைத்தாள். அத்தனை நாளும் வயிறு நோகச் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை. தன் புருசனை, ஏதோ புது ஆளைப் பார்ப்பது போல, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஆழ்வாப்பிள்ளை நீட்டிய கடகத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். கிழக்கே திரும்பினாள். நெல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, எறியாமல் நின்றாள். என்ன தாமதம் என்று ஆட்கள் கேட்டார்கள்.

"நெல்லு கொஞ்சம் கட்டிபட்டுக் கிடக்கு," என்று அன்னமுத்து கடகத்தைக் கந்தப்பருக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தாள். "ஒருக்கா உங்கட கையை விட்டுக் கிண்டிவிடுங்கோ."

நெல் உலர்ந்து கலகலவென்றுதான் இருந்தது. கந்தப்பர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு வலது கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டு, அடி நெல் மேலே வரும்படி, நன்றாகக் கிண்டிக் கொடுத்தார்.